“எங்கே போய் வந்தனீங்கள்?” என்று கேட்கும் டொக்டர்

போன கிழமை திருகோணமலை உவர்மலையில் தங்கச்சி வீட்டுத் திண்ணையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற மருமகள் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டு, “மாமா, பராசிட்டோலஜி எண்டும் ஒரு டொக்டர் வேலை இருக்காம், உண்மையோ?” என்று கேட்டாள். நான் வாய் திறக்க முதல் உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்த தங்கச்சி, “ஆர், பூச்சிக் குளிசை குடுக்கிற டொக்டரோ?” என்று சிரித்தாள். இதய நிபுணர், கண் நிபுணர், பிள்ளைப்பேற்று நிபுணர் என்றால் எல்லாருக்கும் விளங்கும். பராசிட்டோலஜி, அதாவது ஒட்டுண்ணியியல், என்றால் பூச்சிக் குளிசைதான். அவளைக் குறை சொல்ல முடியாது, எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவ்வளவுதான் தெரியும்.

நான் டொக்டர் இல்லை. மலேரியாக் கந்தோரில் 25 வருடத்துக்கு மேல் இரத்த ஸ்லைட் பார்த்து ஓய்வுபெற்றவன். ஆனால் அந்தக் காலத்தில் இந்தத் துறை டொக்டர்மார் சிலரோடு பக்கத்தில் இருந்து வேலை செய்திருக்கிறேன். அன்றைக்கு மருமகளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன், உயிரியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒட்டுண்ணி என்றால் என்ன. இன்னொரு உயிரின் உடம்பிலோ உடம்புக்குள்ளோ இருந்து, அதன் சாப்பாட்டில் தன் பிழைப்பை நடத்துவது. அப்படிப் பார்த்தால் பக்டீரியாவும் வைரஸும் அதே வேலையைத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். கேள்வி சரி, ஆனால் மருத்துவத்தில் வழக்கமாக அவற்றை நுண்ணுயிரியல்காரருக்குக் கொடுத்துவிட்டு, ஒட்டுண்ணியியலுக்கு மூன்று கூட்டத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒன்று மலேரியாக் கிருமி, அமீபா மாதிரியான ஒற்றைக்கல உயிர்கள். இரண்டாவது புழுக்கள்: வட்டப்புழு, கொழுக்கிப்புழு, நாடாப்புழு, யானைக்காலைக் கொண்டுவருகிற நூல் போன்ற புழு. மூன்றாவது பேன், உண்ணி, சிரங்குப் பூச்சி மாதிரி வெளியிலிருந்து ஒட்டுபவை. காதுக்குள் உண்ணி புகுந்து ஆஸ்பத்திரிக்கு வருவது இலங்கையில் அதிசயமே இல்லை. ஆடு மாடு நாயோடு புழங்குகிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கூட்டங்களில் பலவற்றுக்குப் பொதுவான ஒரு குணம் இருக்கிறது, முழுத் துறையும் அதில்தான் நிற்கிறது. ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வாழ்ந்து முடிப்பவை அல்ல, பயணம் போகிறவை. மலேரியாவையே எடுங்கள். அனோபிலிஸ் இனப் பெண் நுளம்பு கடிக்கும்போது கிருமி இரத்தத்துக்குள் இறங்குகிறது, ஒரு மணித்தியாலத்துக்குள் ஈரலுக்குப் போய் ஒளிந்துகொள்கிறது. அங்கே சத்தமில்லாமல் பெருகி, பிறகு வெளியே வந்து செங்குருதிக் கலங்களுக்குள் புகுந்து, வைவாக்ஸ் என்ற வகையானால் 48 மணித்தியாலத்துக்கு ஒருதரம் அவற்றை உடைக்கிறது. ஒன்றுவிட்டு ஒரு நாள் பல்லுக் கிட்டுகிற மாதிரி நடுக்கம் வருவது அதனால்தான். ‘நடுக்கல் காய்ச்சல்’ என்று அம்மம்மா சொல்லுவா. அதற்கும் பிறகு ஆண், பெண் வடிவங்கள் உண்டாகி இன்னொரு நுளம்பு வந்து உறிஞ்சும்வரை இரத்தத்தில் காத்திருக்கின்றன. அந்த நுளம்பின் வயிற்றுக்குள் பத்து நாளோ இரண்டு கிழமையோ போன பிறகுதான் அது அடுத்த ஆளுக்குக் கொடுக்கத் தயாராகும்.

நோயாளி இந்த நீண்ட பயணத்தில் ஒரு தரிப்பிடம், அவ்வளவுதான். மற்ற டொக்டர் “என்ன செய்யுது?” என்று கேட்பார். இந்த டொக்டர் அதையும் கேட்டுவிட்டு, “எங்கே போய் வந்தனீங்கள்?” என்று கேட்பார். எந்த ஊரில் படுத்தீர்கள், எந்தக் குளத்தில் குளித்தீர்கள், வீட்டில் நாய் நிற்குதா, கிணற்றுக்கு மூடி இருக்கா, செருப்புப் போடாமல் தோட்டத்தில் நிற்பீர்களா, பச்சையாக என்ன சாப்பிட்டீர்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு இது கலியாணத்துக்கு ஆள் விசாரிக்கிற மாதிரி இருக்கும்.

இந்தத் துறையைத் தொடக்கிவைத்தவர்களும் பெரும்பாலும் இப்படி விசாரணைக் குணம் பிடித்த மருத்துவர்கள்தான். அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லவெரான் 1880இல் நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அது எப்படி அங்கே வந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது, சதுப்புநிலக் கெட்ட காற்று என்றுதான் நம்பினார்கள். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் ஒரு நுளம்பின் வயிற்றைப் பிளந்து பார்த்து, அதற்குள் வளர்ந்துகொண்டிருந்த கிருமியைக் கண்டுபிடித்தார். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது, ரோஸுக்கு 1902இல், லவெரானுக்கு 1907இல். எங்களுக்கு இன்னும் கிட்டவான கதை சென்னையில் நடந்தது. 1903இல் அங்கே மருத்துவராக இருந்த சார்ல்ஸ் டொனவன், மண்ணீரல் வீங்கிய காய்ச்சல்காரரிடமிருந்து எடுத்த மாதிரியில் சின்னச் சின்ன உருவங்களைக் கண்டார். அதே உருவங்களை இங்கிலாந்தில் லீஷ்மனும் கண்டிருந்ததால் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மானியா டொனவனி என்று வைத்தார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பவும் வரும்.

எல்லாரும் மருத்துவர்கள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கொழுக்கிப்புழு தோலைத் துளைத்துத்தான் உள்ளே போகிறது என்று கண்டுபிடித்த ஆர்தர் லூஸ் ஒரு விலங்கியலாளர். கெய்ரோவில் வேலை செய்யும்போது அந்தப் புழுவின் குடம்பிகள் (குஞ்சுப் பருவம்) இருந்த தண்ணீர் தவறுதலாக அவருடைய கையில் கொட்டுப்பட்டது. கை கடித்தது, சிவந்தது. மனிதர் கழுவிவிட்டுப் போகாமல் சில கிழமைகளாகத் தன் மலத்தையே சோதித்துக்கொண்டிருந்து கடைசியில் முட்டைகளைக் கண்டார். மருமகள் இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். இந்த வேலைக்குப் போகிறவர்கள் மலத்தைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாது, முதல் தகுதி அதுதான் என்றேன்.

சரி, அந்த டொக்டர் பகலெல்லாம் என்ன செய்வார்? என் கந்தோரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மலேரியா பார்க்க விரல் நுனியில் குத்தி ஒரு கண்ணாடி ஸ்லைடில் இரண்டு விதமாக இரத்தம் எடுப்போம். ஒன்று தடிப்பாக, சின்னக் காசு அளவு வட்டமாகக் குழைத்தது. மற்றது மெல்லியதாக இழுத்தது. காயவிட்டு கீம்சா என்ற சாயம் போட்டால் தடித்த பூச்சில் செங்குருதிக் கலங்கள் கரைந்துபோய்க் கிருமியும் வெண்குருதிக் கலங்களும் மட்டும் மிஞ்சும். ஒரு துளி எண்ணெய் விட்டு நுணுக்குக்காட்டியில் 1000 மடங்கு பெருப்பித்துப் பார்த்தால், நீல வளையமும் அதில் ஒரு சிவப்புப் புள்ளியும் தெரியும், கல்லு வைத்த மோதிரம் மாதிரி. கிருமி இருக்கிறதா என்று தடித்த பூச்சில் தேடுவோம், எந்த வகை என்று மெல்லிய பூச்சில் தீர்மானிப்போம். ஸ்லைடை நகர்த்த நகர்த்த ஒரு தடவையில் கண்ணுக்குத் தெரிகிற வட்டத்தைப் ‘புலம்’ என்போம். ஆகக் குறைந்தது 100 புலங்கள் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதக்கூடாது.

ஒரு நாள் கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவருடைய ஸ்லைட் வந்தது. கடும் காய்ச்சல். நான் 100 பார்த்தேன், ஒன்றும் இல்லை, ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன். டொக்டர் வந்து அந்தத் தாளைப் பார்த்தார். என்னைப் பேசவில்லை. நேராக நோயாளியிடம் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, எந்தத் துறைமுகம், கரையில் இறங்கினீர்களா, எத்தனை இரவு, நுளம்புவலை இருந்ததா என்று அரை மணித்தியாலம் கதைத்தார். மேற்கு ஆபிரிக்காவில் நாலு இரவு கரையில் படுத்திருக்கிறார். டொக்டர் திரும்பி வந்து, “இன்னும் நூறு பாருங்கோ, பின்னேரம் திரும்ப இரத்தம் எடுங்கோ” என்றார். முதல் ஸ்லைடில் அடுத்த நூறிலும் ஒன்றுமில்லை. பின்னேரம் எடுத்த ஸ்லைடில் இருபதாவது புலத்திலேயே மோதிரங்கள் இருந்தன.

ஃபல்சிபாரம் என்ற வகை கொஞ்சம் வளர்ந்ததும் உள்ளுறுப்புகளின் மெல்லிய குழாய்களில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அந்த நேரம் விரல் நுனியில் குத்தினால் அகப்படாது, சில மணித்தியாலம் கழித்துப் புதுத் தலைமுறை வெளியே வந்ததும்தான் அகப்படும். ஆளைக் கொல்லுகிற வகையும் இதுதான். கிருமியின் நேர அட்டவணை டொக்டருக்குத் தெரிந்திருந்ததால் அந்த மனிதர் பிழைத்தார். எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை, அது வேறு கதை.

நோயாளிக்கு மருந்து தொடங்கியதும் மற்ற டொக்டருக்கு வேலை முடிந்துவிடும். இவருக்கு அங்கேதான் பாதி வேலை தொடங்கும். அந்த ஆள் எந்த வீட்டில் எத்தனை இரவு படுத்தார், சுற்றிலும் வேறு யாருக்காவது காய்ச்சலா, அந்தப் பக்கத்தில் அனோபிலிஸ் நுளம்பு இருக்கிறதா என்று பூச்சியியலாளரையும் எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ கிணறு கிணறாகக் குடம்பி அள்ளிய நாட்கள் எனக்கு எத்தனையோ இருக்கின்றன.

இலங்கையின் மலேரியாக் கதை தெரிந்தால் இந்த ஓட்டம் ஏன் என்று விளங்கும். 1934-35இல் வந்த கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். அதற்குக் காரணம் மழை என்று நினைப்பீர்கள், உண்மையில் மழை பெய்யாததுதான் காரணம். ஈரவலயத்து ஆறுகள் வற்றி ஆங்காங்கே வெயில் படுகிற தெளிந்த குட்டைகளாக நின்றன, எங்கள் முதன்மை நுளம்பான குலிசிஃபேசீஸ் முட்டை இடுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பிறகு டி.டி.டி. என்ற பூச்சிமருந்து வந்தது, 1963இல் நாடு முழுவதற்கும் 17 பேருக்குத்தான் மலேரியா. முடிந்துவிட்டது என்று கை தளர்ந்தது. 1969இல் 5 லட்சத்துக்கு மேல்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் எங்கள் வடக்கு-கிழக்கில் மலேரியா இல்லாத வீடு குறைவு. மலத்தியன் அடிக்க வருகிறார்கள் என்றால் சட்டி பானை, பாய், தலையணை, நெல்மூட்டை எல்லாம் முற்றத்துக்கு வரும். அடித்துவிட்டுப் போனபின் ஒரு கிழமைக்கு அந்த நாற்றம் சுவரை விட்டுப் போகாது, சனம் எங்களைத்தான் பேசும். யுத்தத்தின் நடுவிலும் மருந்தடிப்பும் நுளம்புவலை கொடுப்பதும் இரண்டு பக்கமும் நடந்தன. 1999இல் நாட்டில் 2,60,000 பேருக்கு மேல் மலேரியா. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றியதாக ஒன்றும் பதிவாகாததால் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அப்புறம் என்ன வேலை என்று மருமகள் கேட்டாள். மலேரியா போனாலும் நுளம்பு போகவில்லையே. ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிற ஒருவர் இரத்தத்தில் கொண்டுவந்தால் போதும். 2016 இறுதியில் மன்னாரில் ஸ்டெஃபன்சை என்ற இந்திய நகர நுளம்பையும் கண்டுபிடித்தார்கள். அது கிணற்றிலும் கூரைத் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகுவது, காட்டுப்பக்கத்து நுளம்பு மாதிரி ஊருக்கு வெளியே நிற்காது. மலேரியா இருந்த காலத்தை விட இல்லாத காலத்தில் விழிப்பாக இருப்பது கடினம், என் அபிப்பிராயத்தில் இந்த வேலையில் ஆகக் கஷ்டமான பகுதி அதுதான். மலேரியா ஸ்லைடையே கண்டிராத இளம் டொக்டர்மார் வரத் தொடங்கிவிட்டார்கள், காய்ச்சல் என்றால் அவர்களுக்கு டெங்குதான் முதலில் ஞாபகம் வரும்.

மருத்துவரும் விஞ்ஞானியும் ஒரே ஆளாக இருப்பது என்றால் என்ன என்பதற்கு உள்ளூர் உதாரணம் ஒன்று. மலேரியா நடுக்கம் வரும்போது உடம்பில் உண்மையில் என்ன நடக்கிறது? கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கமினி மெண்டிஸின் குழுவில் இருந்த நதீரா கருணாவீர, வைவாக்ஸ் நோயாளிகளுக்குக் காய்ச்சல் ஏறி இறங்கும் அந்தச் சில மணித்தியாலங்களுக்குள் திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்பே சுரக்கிற டி.என்.எஃப். என்ற புரதத்தின் அளவும் காய்ச்சலும் கூடவே ஏறி இறங்குவதை 1992இல் வெளியிட்டார்கள். நடுங்குகிற நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கவும் தெரியவேண்டும், அந்த இரத்தத்தை ஆய்வுகூடத்தில் அளக்கவும் தெரியவேண்டும்.

அதே கருணாவீர பின்னாளில் இன்னொரு புதிரில் இறங்கினார். மேலே சொன்ன லீஷ்மானியா டொனவனி, இந்தியாவில் ஈரலையும் மண்ணீரலையும் தாக்கி ஆளைக் கொல்லுகிற காலா அசார் நோயைத் தருவது. இலங்கையில் 1990களில் தொடங்கி, 2000க்குப் பிறகு கூடுதலாக, தோலில் நோகாத, கடிக்காத, மாதக்கணக்கில் ஆறாத புண்ணோடு ஆட்கள் வந்தார்கள், அவர்களில் காட்டுப்பக்கம் கடமையில் நின்ற படையினரும் இருந்தார்கள். தோல் புண்ணைத் தருவது வழக்கமாக வேறு லீஷ்மானியாக்கள். ஆனால் இங்கே பிரித்துப் பார்த்தால் டொனவனியேதான் என்று கருணாவீரவும் குழுவினரும் 2003இல் காட்டினார்கள். கொலைகாரனின் தம்பி ஒருவன் இந்தத் தீவில் பெரும்பாலும் வெறும் தோலோடு நிற்கிறான். ஏன் அநேகமாக உள்ளே போவதில்லை என்பதை இப்போதும் ஆராய்கிறார்கள். பரப்புவது நுளம்பில் அரைவாசி கூட இல்லாத மணல் ஈ. அனுராதபுரமும் பொலநறுவையும் இந்த நோய் அதிகம் உள்ள மாவட்டங்கள், இரண்டும் எங்கள் மாவட்டத்துக்கு வேலிக்கு அங்கால். 2008 முதல் டொக்டர்மார் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய் இது. ஆகவே கையிலோ முகத்திலோ நோகாத புண் ஒன்று இரண்டு மூன்று மாதமாக நின்றால் களிம்பு பூசிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

நாயையும் குரங்கையும் இந்த டொக்டர்மார் விடமாட்டார்கள். நாயில் வாழுகிற டைரோஃபிலாரியா என்ற புழு நுளம்பு வழியாக மனிதருக்கு வந்து தோலுக்கடியில் கட்டியாகவோ, சிலருக்குக் கண்ணிலோ நிற்கும். சத்திரசிகிச்சை டொக்டர் வெட்டி எடுத்து, வெள்ளை நூல் மாதிரி ஒன்று வந்தது என்று போத்தலில் போட்டு அனுப்புவார். என்ன புழு என்று சொல்லவேண்டியது ஒட்டுண்ணி நிபுணர். குரங்கு விஷயத்தில், கொழும்பில் ஒட்டுண்ணியியல் பேராசிரியராக இருந்த ஏ. எஸ். திசாநாயக்கவும் பிரித்தானிய ஆய்வாளர்களும் 1965இல் எங்கள் நாட்டுச் செங்குரங்கின் இரத்தத்தில் அதுவரை அறியப்படாத மலேரியாக் கிருமிகளைக் கண்டு பெயர் வைத்தார்கள். கோணேசர் கோயிலடியில் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பறிக்கிற குரங்கைக் கண்டால் எனக்கு இப்போதும் ஒரு துளி இரத்தம் எடுக்கவேண்டும் போலத்தான் இருக்கும்.

இந்த வேலைக்கு வரும் பாதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். உயர்தரம், மருத்துவ பீடத்தில் 5 வருடம், ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி, பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பரீட்சை எழுதி நிபுணத்துவப் படிப்பு. வெளிநாட்டுப் பயிற்சியும் அதில் சேரும். அல்லது மருத்துவ பீடமொன்றில் விரிவுரையாளராகி ஆராய்ச்சிப் பட்டத்தின் வழியாக வரலாம். உயர்தரம் முடித்து 12, 13 வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். வேலை கிடைக்கிற இடங்கள் பல்கலைக்கழகங்கள், கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், மலேரியா ஒழிப்பு இயக்கம் மாதிரியானவை. பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணி உழைக்கிற துறை இல்லை, அதை முதலே சொல்லிவிடவேண்டும். யாரும் “நல்ல ஒட்டுண்ணி டொக்டர் ஒருத்தரைச் சொல்லுங்கோ” என்று கேட்டு வரமாட்டார்கள். தங்கச்சி இந்த இடத்தில் அடுப்படியை விட்டு வெளியே வந்து, “அப்ப ஏன் இவளுக்கு இதைச் சொல்லுறியள்?” என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை, வீட்டுக்குப் போய்ப் பழைய நுணுக்குக்காட்டியைக் கொண்டுவந்தேன். பயிற்சிக்கென்று வைத்திருந்த ஸ்லைட் ஒன்று பெட்டியில் இருந்தது, சாயம் கொஞ்சம் மங்கிப்போனது. எண்ணெய் விட்டு, வெளிச்சத்தைச் சரிப்படுத்தி, மருமகளை இருத்தினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கன நேரம் பார்த்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

“ஒண்டும் தெரியேல்லை மாமா.”

“எத்தினை புலம் பாத்தனி?”

“முப்பது இருக்கும்.”

“இன்னும் எழுபது பார்” என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.